எல்சிடி எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: பீப் அடிக்கவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்

உள்ளங்கை அகலத்தில் ஒரு கருப்புப் பெட்டி. நடுவில் நீல வெளிச்சத்தில் சின்னத் திரை, சுற்றிலும் 24 பின், 8 பின், 6 பின், சாட்டா, மோலக்ஸ் என்று கம்ப்யூட்டருக்குள் போகும் கரன்ட் வயர்களைச் சொருகும் வாய்கள். கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி இது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் நினைத்தபோதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது என்று கடைக்குத் தூக்கிப் போனால், பல இடங்களில் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். எண்கள் சரியாக வந்துவிட்டால், "சப்ளை ஓகேண்ணே, போர்டுதான் போயிருக்கு" என்று தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி இந்தப் பெட்டிக்குக் கிடையாது.

முதலில் அது ஒழுங்காகச் செய்கிற வேலை. எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா வயரையும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிட்டு, 24 பின்னை டெஸ்டரில் சொருகி, பின்பக்க ஸ்விட்சைப் போட வேண்டும். மதர்போர்டு செய்வதுபோல டெஸ்டரே பச்சை வயரைத் தரையோடு இணைத்து சப்ளையை எழுப்பும். திரையில் 12, 5, 3.3, மைனஸ் 12, ஸ்டேண்ட்பை 5 வோல்ட் (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட்) எல்லாம் வரிசையாகத் தெரியும். கம்ப்யூட்டர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரையிலும், 3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரையிலும் இருக்கலாம். தாண்டினால் பீப் அடிக்கும். 8 பின், 6 பின், சாட்டா ஆகியவற்றை ஒவ்வொன்றாகத்தான் சொருகிப் பார்க்க வேண்டும், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அல்ல. சிபியுவுக்குப் போகும் 8 பின்னையும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னையும் மாற்றி அழுத்திவிடக் கூடாது.

திரையின் ஓரத்தில் 'பிஜி' என்று ஓர் எண் வரும். 'வோல்ட் எல்லாம் சரியாக வந்துவிட்டது' என்று சப்ளை மதர்போர்டுக்குச் சொல்லும் பவர் குட் சிக்னல் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பது அது. 100 முதல் 500 வரை இருப்பது முறை. சுத்தமாக உயிரே இல்லாத சப்ளை, ஸ்டேண்ட்பை 5 வோல்ட் விழுந்துபோன சப்ளை, பிஜி வராத சப்ளை ஆகிய மூன்றையும் அரை நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை என்கிற கேஸுக்கு நல்ல சாமான்.

ரீஸ்டார்ட் கேஸுக்குத்தான் பிரயோஜனமில்லை. டெஸ்டர் சப்ளையிலிருந்து இழுக்கும் லோடு (சுமை) பெயரளவுக்குத்தான். கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் 300, 400 வாட் இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குத் தன் அளவைப்போல இரண்டு மடங்கு வரை எட்டிப் பிடிக்கும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, கிராபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 பின் வயர் உள்ள சப்ளைகள் 100 மைக்ரோசெகண்டுக்கு 200 சதவீதம் வரை தாங்க வேண்டும் என்று சொன்னதே இதற்காகத்தான். சும்மா படுத்திருக்கும் மாட்டின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அது வண்டி இழுக்கும் என்று சொன்னால் எப்படி? போதாததற்கு, மலிவு டெஸ்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்த 16 பின்னுக்கு வாயே இல்லை. திரையும் தசமத்துக்கு ஓர் இலக்கம்தான் காட்டும், 11.44-க்கும் 11.36-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டுமே 11.4.

இந்தக் காசுக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினால் கூடுதல் பயன். டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் சும்மா தொங்கும் மோலக்ஸின் (நாலு ஓட்டையுள்ள பழைய வகைக் கனெக்டர்) கருப்பு ஓட்டையில் கருப்பு முனையையும் மஞ்சள் ஓட்டையில் சிவப்பு முனையையும் வையுங்கள். இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசக் கூடாது. சும்மா இருக்கும்போது ஓர் அளவு. பிறகு, கம்ப்யூட்டரை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கும் ஓசிசிடி மென்பொருளில் பவர் டெஸ்டை ஓட்டி இன்னோர் அளவு. 12.1 இருந்தது 11.9 ஆனால் கவலையில்லை. 11.5-க்கு வந்து ஆடினால் சப்ளையைச் சந்தேகப்படலாம். மோலக்ஸில் நன்றாக இருந்து, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கனெக்டரின் பின்புறம் குத்திப் பார்த்தால் மட்டும் இறங்குகிறது என்றால், கோளாறு வயரில். மோலக்ஸிலிருந்து 8 பின்னாக மாற்றும் அடாப்டர் அங்கே இருந்தால் பிடுங்கிப் போடுங்கள். 8 பின் ஒன்றே 150 வாட் வரை கொண்டுபோகிற வழி, மோலக்ஸ் வயர் அதற்கானதல்ல. மல்டிமீட்டரும் மில்லிசெகண்ட் சரிவைப் பிடிக்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

டெஸ்டரைத் தொடுவதற்கு முன்பே விண்டோஸிடம் கேட்டிருக்கலாம். சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி போய் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்து நின்றால் பெரும்பாலும் பிரச்சினை கரன்ட் அல்ல, ராமோ டிரைவரோ. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருப்பதைப் பார்த்துவிட்டு "பவர் பிரச்சினை" என்று சொல்பவர்கள் உண்டு. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர 41 வேறெதுவும் சொல்வதில்லை. அதன் விவரத்தில் பக்செக் கோட் (நீலத்திரையின் பிழை எண்) 0 என்று இருந்தால் நீலத்திரைக்குக்கூட நேரம் கிடைக்காமல் விழுந்திருக்கிறது. அப்போதுதான் சப்ளை, வயர், வீட்டு லைன் பக்கம் போக வேண்டும். கூடவே டபிள்யூஎச்இஏ-லாகர் 18 என்ற ஹார்டுவேர் பிழைப் பதிவு இருந்தால் சிபியுவையும் அதன் வோல்டேஜ் செட்டிங்கையும் பாருங்கள். ராமுக்கு, பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைத்துவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நாலு பாஸ் ஓடட்டும், ஒரு சிவப்பு வரிகூட வரக் கூடாது. ஏஎம்டி ரைசன் சிபியு உள்ள சிஸ்டம் வேலை எதுவும் இல்லாதபோது மட்டும் விழுகிறதா? பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிகல் கரன்ட் ஐடில்' ஆக்கிப் பாருங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

விழுகிற விதமும் பேசும். விழுந்து தானாகவே எழுந்தால் பிஜி சிக்னல் ஒரு கணம் அறுந்திருக்கலாம். விழுந்தபின் பட்டனுக்கு மசியாமல், பின்பக்க ஸ்விட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் எழுகிறது என்றால் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருக்கிறது. டெஸ்டரில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

நம்ம ஊருக்கென்று இன்னும் இரண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்டை நிறுத்துகிற அன்றைக்கு, இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் கம்ப்யூட்டர் விழுகிறதா? நல்ல சப்ளை உள்ளே வைத்திருக்கும் சேமிப்பு 16, 17 மில்லிசெகண்டுக்குத்தான் தாங்கும். மட்டமானது அதுகூடத் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் எகோ அல்லது நார்மல் மோடில் இருந்தால் மாறுவதற்கு 40 மில்லிசெகண்ட் வரை எடுக்கலாம். அதை யுபிஎஸ் மோடுக்குத் தள்ளிவிட்டால் பல கேஸ் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மோட்டார் ஓடுகிற நேரத்தில் லைன் 180 வோல்ட்டுக்குக் கீழே போகிற வீடு என்றால், யுபிஎஸ் மோடு அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் (பேட்டரிக்குப் போகாமலே வோல்டேஜை ஏற்றி இறக்கிச் சரிசெய்வது) வைப்பது மேல். 600 விஏ என்று போட்டிருப்பது ஏறக்குறைய 360 வாட்தான், கிராபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டத்துக்குக் காணாது.

இன்னொன்று வெயில். சப்ளைக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் 10 டிகிரி கூடுதலாகக் காய்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அறையே 40 டிகிரி இருக்கிற கத்திரி வெயிலில், சுவரோடு ஒட்டி, தூசி அப்பிய ஃபேனோடு கிடக்கும் சப்ளை காலையில் ஓடி மதியம் விழும். ஏசி போட்ட கடையில் டெஸ்டரில் சொருகினால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

வாங்கலாமா? ஒரு நாளைக்கு நாலு செத்த சிஸ்டம் வருகிற சர்வீஸ் கடைக்கு வாங்கலாம். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் வாங்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் நண்பரிடமோ தெரிந்த கடையிலோ நன்றாக ஓடுகிற 550 வாட் சப்ளை ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் ஒழுங்கான சோதனை. மாட்டும்போது அந்த சப்ளையோடு வந்த வயர்களையே போடுங்கள். வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் சப்ளையில் பெட்டிப் பக்கம் சொருகும் முனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய வயரே பொருந்துகிறதே என்று சாட்டா வயரை அப்படியே விட்டால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் கருகிவிடலாம்.