வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ.: தொலைநிலைக் கல்வியா, வார இறுதி வகுப்பா?

இராமேசுவரம் தீவிலிருந்து வடக்கே தொண்டி வரையிலும் தெற்கே சாயல்குடி வரையிலும் நீளும் இந்தக் கரையில், மீன் ஏற்றுமதி நிறுவனங்களிலும் வங்கிக் கிளைகளிலும் தங்கும் விடுதிகளிலும் ஐந்தாறு ஆண்டுகள் பணியாற்றிய பட்டதாரிகள் பலர், மேற்பார்வையாளர் நிலைக்கு மேல் செல்ல எம்.பி.ஏ. வேண்டுமோ என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். வேலையை விட்டுவிட்டு டான்செட் என்னும் மாநில நுழைவுத் தேர்வை எழுதி இரண்டு ஆண்டுகள் முழுநேரம் படிக்கும் வழியும் இருக்கிறது. துறையையே மாற்றிக்கொள்ள விரும்புகிற, குடும்பப் பொறுப்பு இன்னும் தோளில் ஏறாத இளைஞர்களுக்கு அது பொருந்தும். மாதச் சம்பளத்தை நம்பி வீடு நடக்கிறவர்களுக்கு மிஞ்சுபவை தொலைநிலைக் கல்வியும் பெருநகரங்களில் நடக்கும் வார இறுதி வகுப்பும்தான். இவற்றில் எது என்பதைப் பாடத்திட்டத்தைவிட நம் வேலையின் நாட்காட்டியே தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தொலைநிலையில் இங்குள்ளவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பவை, மதுரையில் மண்டல மையம் வைத்திருக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இக்னோ), 1985இல் தொடங்கப்பட்ட காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் ஆகும். இக்னோவின் எம்.பி.ஏ.வைக் குறைந்தது 2 ஆண்டுகளில் முடிக்கலாம்; முடியாதவர்கள் 4 ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வீட்டிலிருந்தே எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கும், 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வுக்கும் உரியது. ஒரு பருவத்தில் எழுத முடியாத தாள்களை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைக்க முடிவதுதான் வேலையில் இருப்பவருக்கு மிகப் பெரிய ஆதாயம்.

இக்னோவின் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. மண்டபத்திலோ பாம்பனிலோ இறால் கம்பெனியிலும் ஐஸ் பிளான்ட்டிலும் கணக்கு, கொள்முதல், தரக்கட்டுப்பாடு ஆகிய வேலைகளைப் பார்ப்பவர்களுக்கு ஆண்டில் மூச்சு விட நேரம் கிடைக்கும் மாதங்கள் அவைதான். எனவே நிதிக் கணக்கியல், புள்ளியியல் போன்ற கடினமான தாள்களை ஜூன் தேர்வுக்கு வைத்துக்கொண்டு, டிசம்பருக்கு இலகுவான இரண்டு மூன்றை மட்டும் எடுப்பது அறிவுடைமை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டு, தேர்வு மையத்துக்குப் போய்ச் சேர்வதையே சில நாட்களில் கேள்விக்குறியாக்கிவிடும். விடுதித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கோடை விடுமுறையில் குடும்பங்களும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களும் இராமேசுவரத்தில் குவிவதால், இரண்டு தேர்வுக் காலங்களும் அவர்களுக்கு நெருக்கடியானவையே. அவர்கள் தொடக்கத்திலேயே 3 அல்லது 4 ஆண்டுகள் என்று மனத்தில் வைத்துச் சேர வேண்டும்.

தொலைநிலைக் கல்வியின் குறையை மறைக்க விரும்பவில்லை. புத்தகத்தோடு தனியாக உட்கார வேண்டும். கேள்வி கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விடை எழுதுவது பாடத்தைவிடப் பெரிய தடையாகிறது. நடுவில் கைவிடுபவர்கள் பெரும்பாலும் இந்தத் தனிமையினால்தான் விடுகிறார்கள். அதே நிறுவனத்தில் இன்னொருவரையும் சேரவைத்து இருவராகப் படிப்பது இதற்கு நல்ல மருந்து.

வார இறுதி வகுப்பு இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. 2011இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். பணியாளர்களுக்கான இரண்டாண்டுப் படிப்பைச் சென்னையில் நடத்தி வந்திருக்கிறது. இத்தகைய வகுப்புகளில் பல துறை அனுபவசாலிகளோடு விவாதிக்கும் வாய்ப்பும், நாடெங்கும் மதிக்கப்படும் பெயரும் கிடைக்கின்றன. ஆனால் கட்டணம் பல லட்சம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு இராமேசுவரத்திலேயே சென்னை ரயிலில் ஏற முடிகிறது என்பது உண்மைதான். வெள்ளி மாலை ஏறினால் சனி காலை போய்விடலாம். அதை வாரந்தோறும் இரண்டு ஆண்டுகள் செய்ய முடியுமா என்பதே கேள்வி. வங்கி ஊழியருக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் மட்டுமே விடுமுறை. பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போகும் வழக்கமிருப்பதால், சனிக்கிழமை போன படகுகளின் மீன் ஞாயிறு காலையில் கரைக்கு வருகிறது. கொள்முதலில் இருப்பவர் அன்று சென்னை வகுப்பறையில் இருக்க இயலாது. நிறுவனமே கட்டணத்தையும் விடுப்பையும் ஏற்றுக்கொண்டாலன்றி, இந்தக் கரையில் வாழ்பவருக்கு இவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டுக்கும் முன்பாக, தம் அலுவலகத்தின் பதவி உயர்வு விதியை ஒவ்வொருவரும் எழுத்தில் படித்துப் பார்க்க வேண்டும். வங்கியில் இருப்பவருக்கு இந்திய வங்கியியல் மற்றும் நிதி நிறுவனம் நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகள் ஊதிய உயர்வையே தருகின்றன. செலவும் குறைவு, காலமும் குறைவு. அவற்றை முடிக்காமல் எம்.பி.ஏ.வில் சேர்வது வரிசை தவறிய செயல். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா வேலையை எண்ணிப் படிப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சான்றிதழைச் சரிபார்க்கும்போது நேரடி வகுப்பா, தொலைநிலையா என்று கேட்பதுண்டு. தாம் போக விரும்பும் நாடும் பதவியும் தொலைநிலைப் பட்டத்தை ஏற்கின்றனவா என்று அங்குள்ள உறவினர் மூலம் உறுதி செய்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

எந்தப் பல்கலைக்கழகமானாலும், சேரும் பருவத்துக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் தாமே பார்க்க வேண்டும். முகவர் சொல்லை மட்டும் நம்பிச் சேர்ந்துவிடக் கூடாது. இக்னோவில் சேர்க்கை ஜனவரி, ஜூலை என இருமுறை நடக்கிறது. மீன் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர் ஜனவரியில் சேர்வதே நல்லது; ஜூலையில் சேர்ந்தால் முதல் தேர்வு வேலையும் மழையும் நெருக்கும் டிசம்பரில் வந்து நிற்கும், ஜனவரியில் சேர்ந்தால் தடைக்காலம் முழுவதும் படித்து ஜூனில் எழுதலாம்.