விமான தூரக் கணிப்பு இணையச் சேவை: சென்னை – சிங்கப்பூர் வழித்தடத்தில் ஒரு மதிப்பீடு

இரு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால் தூரத்தையும் பயண நேரத்தையும் காட்டும் இச்சேவை, சென்னைக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் என்று தருவது சரியே. புவியின் வளைவைக் கணக்கில் கொண்ட மிகக் குறுகிய பாதை அது.

குறை பயண நேரத்தில்தான் இருக்கிறது. மணிக்கு 850 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் தூரத்தை வகுத்து, மூன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே காட்டுகிறது; ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலெழுவது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமிடுவது ஆகியவற்றையும் சேர்த்து விமான நிறுவனங்கள் அட்டவணையில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஒதுக்குகின்றன. காற்றின் திசையையும் இச்சேவை பொருட்படுத்துவதில்லை. போகவும் வரவும் ஒரே நேரத்தையே சொல்கிறது.

உள்ளூர் நேர வேறுபாட்டைத் தனியே காட்டுவது உண்மையிலேயே பாராட்டத்தக்கது. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், இரவு 11 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறப்பவர் அங்கே இறங்கும்போது விடியற்காலை 5.30 ஆகியிருக்கும். முதல்முறை செல்வோர், குறிப்பாக வயதான பெற்றோர், குழம்புவது இங்கேதான். தூரம் அறிய இதைத் தாராளமாக நம்பலாம். இணைப்பு விமானத்தைத் திட்டமிடுவோர் பயணச்சீட்டில் அச்சிட்ட நேரத்தையே கொள்ள வேண்டும்.