அம்மா தங்கியிருக்கும் முதியோர் குடியிருப்பு: எல்லாம் இருக்கிறது, பேச ஆள் இல்லை

எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவைத் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்த்தோம். பெயரைப் போடவில்லை, நான் சொல்லும் குறை கோவையைச் சுற்றி இன்னும் சில இடங்களிலும் இருக்கலாம். சுத்தம், நேரத்துக்கு மருந்து, குளியலறையில் கைப்பிடி, இரவில் நர்ஸ், எல்லாம் சரி. மாதம் 32,000 ரூபாய்க்கு அதில் குறை சொல்ல மாட்டேன். சாப்பாடு சுமார்.

ஆனால் அம்மா காங்கேயம் பக்கம் தோட்டத்திலேயே வாழ்ந்தவர். பால் ஊற்ற வருபவர், தேங்காய் போட வருபவர் என்று விடிந்ததிலிருந்து யாரையாவது "வாங்க, உக்காருங்க" என்று உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருப்பார். இங்கே பக்கத்து வீட்டில் மும்பைக்காரர்கள், எதிரில் டெல்லியில் ஓய்வு பெற்றவர்கள். நல்ல மனிதர்கள்தான், பேச்சு மட்டும் இங்கிலீஷிலும் இந்தியிலும். மூன்றாவது மாதம் "சோறு எறங்கலை கண்ணு" என்றார். அங்கே வரும் டாக்டர் சத்து மாத்திரை எழுதினார், வயசானால் அப்படித்தான் என்றார் மேனேஜர். எனக்கு மனசு ஆறாமல் வெளியே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முதியோரின் மனச்சோர்வை அளக்க 15 கேள்விகள் இருக்கின்றன, ஆமாம் இல்லை என்று சொன்னால் போதும். அவர் அதைத் தமிழில் நிதானமாகக் கேட்டார். பெரும்பாலும் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்ற இடத்தில் அம்மா அழுதுவிட்டார்.

எனக்கு அப்போது ப்ரூக்ளின் ஞாபகம் வந்தது. அண்ணன் நியூயார்க்கில் இருக்கிறார், அங்கே போனபோது ப்ரூக்ளினில் இருக்கும் பிரைட்டன் பீச் பகுதியைப் பார்த்தேன். 1970களிலிருந்து சோவியத் நாட்டை விட்டு வந்த யூதக் குடும்பங்கள் குடியேறிய இடம், சோவியத் உடைந்த 1991-ஐ ஒட்டி இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். வயதான பின் வந்த பலருக்கு இங்கிலீஷ் கைவரவே இல்லை, பிள்ளைகள் வேறு இடங்களுக்குப் போக, மானிய வாடகை அடுக்குமாடிகளில் தனியாக இருப்பவர்கள் உண்டு. அங்கேயும் தனிமை உண்டு, மனச்சோர்வும் உண்டு. ஆனாலும் கீழே இறங்கினால் மருந்துக்கடையில் ரஷ்ய மொழி, பகல்நேர மையத்து வண்டி வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும், போன இடத்தில் டொமினோ ஆட்டமும் அவர்கள் ஊர் பீட்ரூட் சூப்பும். கடல் தாண்டிப் போனவர்களுக்குக் கிடைத்த அந்தப் பேச்சுத்துணை, சொந்த ஊரிலிருந்து ரெண்டரை மணி நேரத் தூரத்தில் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

நிர்வாகத்திடம் சண்டை போடாமல் எடுத்துச் சொன்னேன். தாராபுரத்து அம்மா ஒருவர் இருக்கும் வரிசைக்கு அறையை மாற்றித் தந்தார்கள், அதற்கு நன்றி. இப்போது ரெண்டு பேரும் சாயங்காலம் திண்ணையில் மொச்சை உரிக்கிறார்கள், புதன்கிழமை அரிசியும் பருப்பும் சோறு கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மாத்திரை தொடர்கிறது. குடியிருப்புக்கு மனநல ஆலோசகர் மட்டும் இன்னும் வரவில்லை, அதனால் என் மதிப்பெண் 5-க்கு 3.

சேர்க்கப் போகிறவர்கள் முதலில் பத்து நாள் தங்கிப் பார்க்கக் கேளுங்கள், சாப்பாட்டு மேசையில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். அப்புறம், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அம்மாவின் போனில் அதைப் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.