பதானா, சம்பானேரா, தோலாவிராவா? குஜராத்தின் மூன்று பாரம்பரியக் களங்கள்

குஜராத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் துவாரகை, சோமநாதபுரம், அகமதாபாத் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அகமதாபாத்தின் பழைய நகரம் 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்பே 2004-இல் சம்பானேர்–பாவாகத் வளாகமும், 2014-இல் பதான் நகரின் ராணி கி வாவ் படிக்கிணறும் அப்பட்டியலில் சேர்ந்திருந்தன. 2021-இல் கட்ச் பகுதியின் தோலாவிராவும் சேர்ந்தது. அகமதாபாத் அளவுக்கு அதிகம் அறியப்படாத சம்பானேர், பதான், தோலாவிரா ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் ஒதுக்க முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

பார்த்த மாத்திரத்தில் வியக்க வைப்பது ராணி கி வாவ்தான். சோலங்கி மன்னர் முதலாம் பீமதேவரின் நினைவாக அரசி உதயமதி 11-ஆம் நூற்றாண்டில் கட்டிய இக்கிணறு, 64 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 27 மீட்டர் ஆழமும் கொண்டு, ஏழு தளங்களாக மண்ணுக்குள் இறங்குகிறது. சரஸ்வதி ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அதைப் பல நூற்றாண்டுகள் மூடிக் கிடந்தது. 1980-களில் தொல்லியல் துறை அந்த மண்ணை அகற்றியபோது, மூக்கும் விரலும் சிதையாத சிற்பங்கள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. திருமாலின் அவதாரங்களே மிகுதி என்றாலும், பக்கத்துக்கு ஒருத்தியாக நிற்கும் அப்சரஸ்களே நம்மை நிறுத்தி வைக்கிறார்கள். குளித்து முடித்த ஒருத்தி கூந்தலைப் பிழிகிறாள்; சொட்டும் நீரைக் காலடியில் நிற்கும் அன்னம் அலகு நீட்டி ஏந்துகிறது.

ஆயினும் இது ஒற்றைக் கட்டுமானம். நிதானமாகப் பார்த்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2018-இல் வெளியான ஊதா நிற நூறு ரூபாய்த் தாளில் இடம்பெற்றதிலிருந்து, மூன்றில் இதை மட்டும் ‘அதிகம் அறியப்படாத’ இடம் என்று சொல்வதும் கடினம். பீமதேவர் காலத்திலேயே எழுந்த மொதேரா சூரியன் கோவில் 35 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயணம் நிறைவாக அமையும்.

சம்பானேரின் நிலை இதற்கு நேர்மாறானது. வடோதராவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், பாவாகத் மலையின் அடிவாரத்தில் இருக்கும் இவ்வூருக்குக் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையுச்சியிலுள்ள காளிகா மாதாவைத் தரிசிக்க ரோப் காரில் ஏறி இறங்கிவிட்டு, கீழே ஒரு தலைநகரமே கிடப்பதைக் கவனிக்காமல் ஊர் திரும்புகிறார்கள். நீண்ட முற்றுகைக்குப் பின் 1484-இல் சௌகான் மரபினரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய சுல்தான் மகமூத் பேகடா, தம் தலைநகரையே அகமதாபாத்திலிருந்து இங்கு மாற்றி, மசூதிகளும் மதிலும் கிணறுகளுமாக ஒரு புதிய நகரை எழுப்பினார். 1535-இல் ஹுமாயூனின் படையினர் செங்குத்தான பாறையில் இரும்பு முளைகளை அறைந்து, அவற்றைப் பிடித்தபடி இரவில் மேலேறிக் கோட்டையைப் பிடித்தனர். ஹுமாயூனும் அவர்களுடன் ஏறினார். அதன்பின் தலைநகரம் அகமதாபாத்துக்கே திரும்ப, சம்பானேரைக் காடு மூடியது. மேலே வேறு நகரம் எதுவும் எழாததால், முகலாயர்களுக்கு முந்தைய ஒரு நகரத்தின் அமைப்பை ஏறக்குறைய அப்படியே இன்றும் காண முடிகிறது.

இங்குள்ள ஜாமி மசூதி ஒன்றுக்காகவே அரை நாள் ஒதுக்கலாம். முப்பது மீட்டர் உயர மினார்களின் அடிப்பகுதியில், கோவில் சுவரில் இருப்பதைப் போன்ற மாடங்கள் உள்ளன. கோவிலாக இருந்தால் தெய்வ உருவம் நின்றிருக்க வேண்டிய அவ்விடத்தில் கொடியும் இலையும் மலருமே செதுக்கப்பட்டிருக்கின்றன. கோவில் கட்டிப் பழகிய கைகள் புதிய சமயத்தின் தேவைக்கேற்ப எதை விட்டன, எதை வைத்துக்கொண்டன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

தோலாவிராவோ வருபவரிடம் முன் தயாரிப்பை எதிர்பார்க்கும் இடம். பெரிய ரண் உப்புவெளியின் நடுவே, கதிர் என்னும் தீவில் இருக்கும் இந்த ஹரப்பா நகரில் சிற்பமோ கோபுரமோ கிடையாது. வெயிலில் வெளுத்த கற்சுவர்களும் பள்ளங்களும்தாம். ஒன்றும் படிக்காமல் போகிறவர் அரை மணியில் சலித்துப்போவார். படித்துவிட்டுப் போகிறவருக்கோ அந்தப் பள்ளங்கள்தாம் நகரத்தின் உயிர். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்ற இரு ஓடைகளைத் தடுப்பணைகளால் மறித்து, அந்நீரை நகரைச் சுற்றி வெட்டிய நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பி, உவர்நிலத்தின் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கோட்டையின் வடக்கு வாயிலருகே, ஜிப்சத் துண்டுகளால் ஆன பத்துப் பெரிய சிந்து எழுத்துகள் கிடைத்தன. அவை பதிக்கப்பட்டிருந்த மரப்பலகை மட்கிப்போயிருந்தது. பத்தில் நான்கு, ஆரங்கள் கொண்ட சக்கரம் போன்ற ஒரே குறி. ஐராவதம் மகாதேவனின் சிந்து எழுத்தாய்வைப் படித்தவர்களுக்கு இவ்வாயில் தனிச் சிறப்புடையது. அந்தப் பெயர்ப்பலகை என்ன சொல்கிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.

அகமதாபாத்தைத் தங்குமிடமாகக் கொண்டு ஒரே நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்குப் பதானையே பலரும் பரிந்துரைப்பார்கள். என் தேர்வு சம்பானேர். கிணற்றின் அழகைப் படங்கள் ஓரளவு காட்டிவிடும். கைவிடப்பட்ட ஒரு நகரத்தின் பரப்பை நடந்துதான் உணர முடியும். சிற்பக்கலையே குறி என்பவர்களும், முதியவர்களுடன் செல்பவர்களும் மட்டும் பதானுக்குப் போகலாம். ஆனால் படிகளில் ஏறி இறங்க வேண்டியிருப்பதை முதியவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். தோலாவிராவை ஒரு நாளில் அடக்க முயல்வது வீண் அலைச்சல். புஜ் நகரில் ஓர் இரவு தங்கி, காவடா வழியாக உப்புவெளியை ஊடறுத்துச் செல்லும் சாலையில் போனால் வழியும் பார்க்கத்தக்கதாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே அங்கு ஏற்றவை. நிழல் அறவே இல்லாத இடம் என்பதால் அப்போதும் காலையிலேயே சென்று, கோட்டையைப் பார்ப்பதற்கு முன் கிழக்கு நீர்த்தேக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது.