பம்பு சென்சார்களோடு ஏழு வருடம்: ஒரு லாரிக்காரனின் அனுபவம்

என் பழைய வண்டியில் டீசல் பம்பு என்றால் பம்பு மட்டும்தான். சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தித் தள்ள வரிசையாக ஆறு எலிமென்ட், பின்னால் வேகத்தைக் கட்டுப்படுத்த குண்டு வைத்த கவர்னர், ஆக்ஸிலேட்டரில் இருந்து ஒரு ராடு. கரண்டுக்கு அங்கே வேலையே இல்லை. வண்டியை ஆஃப் செய்யக்கூட ஒரு கேபிளைத்தான் இழுக்க வேண்டும். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 புகை விதி கட்டாயமான பிறகு வாங்கிய 12 சக்கர வண்டி காமன் ரெயில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் (ரெயில்) டீசலை அழுத்தி வைக்கும் வகை. நாமக்கல் - நாக்பூர் லைனில் ஏழு வருடம் ஓட்டியாகிவிட்டது. மூன்று முறை "பம்பு சென்சார் போச்சு" என்று பட்டறையில் சொன்னார்கள். உண்மையில் போனது ஒன்றுதான்.

காமன் ரெயில் பம்பு எந்த சிலிண்டருக்கு எப்போது டீசல் என்று கவலைப்படாது. அழுத்தி ரெயிலுக்குள் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. லோடில் 1,600 பார் வரை ஏறும். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 8 பார்தான். பம்புக்குள் எவ்வளவு டீசலை விடுவது என்பது அதன் மேல் இருக்கும் மீட்டரிங் யூனிட்டின் பொறுப்பு. பலர் இதையும் சென்சார் என்கிறார்கள். இது இசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) சொன்னபடி திறந்து மூடும் வால்வு. அழுத்தத்தை அளந்து இசிஎம்முக்குச் சொல்வது, ரெயிலில் இருக்கும் பிரஷர் சென்சார்.

முதல் தொல்லை தொப்பூர் ஏற்றத்தில் வந்தது. சேலத்தில் இருந்து தருமபுரி போகும்போது, முழு லோடு. பாதி ஏற்றத்தில் செக் லைட் எரிந்தது, பிக்கப் சுத்தமாக விழுந்தது. மேலே வந்து சமதளம் பிடித்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள்: எஸ்பிஎன் 157, எஃப்எம்ஐ 18. எஸ்பிஎன் எந்த இடம் என்று சொல்லும், எஃப்எம்ஐ என்ன மாதிரி கோளாறு என்று சொல்லும். 157 என்றால் ரெயில் பிரஷர். உடனே சென்சாரை மாற்றினார்கள். அடுத்த டிரிப், அதே ஏற்றம், அதே லைட்.

அந்த 18-க்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால் வோல்டேஜ் கோளாறு: வயர், வயரை மாட்டும் கப்ளர், இல்லையென்றால் சென்சார். 18 வந்தால் சென்சார் ஒழுங்காகத்தான் பேசுகிறது, அழுத்தம்தான் நிஜமாகவே குறைவு. கடைசியில் ஒரு வயசான பம்பு மெக்கானிக் டேங்கில் இருந்து வரும் லைனில் துண்டு டிரான்ஸ்பரன்ட் ஹோஸைச் சேர்த்துப் பார்த்தார். முத்து முத்தாகக் காற்று. கிளிப்புக்கு அடியில் ஹோஸ் வெடித்திருந்தது, வாட்டர் செபரேட்டர் பில்டரும் அடைப்பு. சமதளத்தில் கொஞ்சம் டீசல் போதும் என்பதால் தெரியவில்லை, ஏற்றத்தில் தெரிந்துவிட்டது. அவர் வாங்கிய கூலி, நான் சென்சாருக்குக் கொடுத்ததில் கால்வாசி கூட இல்லை.

இரண்டாவது தடவை தப்பு என்னுடையது. வாட்டர் சர்வீஸில் இன்ஜினுக்கு நேராகப் பிரஷர் தண்ணீர் அடிக்க விட்டேன். மறுநாள் எஃப்எம்ஐ 4. பிரஷர் சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் சிக்னலில் அரை வோல்ட் போல வர வேண்டும். என் வண்டியில் பூஜ்யம். கப்ளரைக் கழற்றினால் பின் பச்சை பிடித்திருந்தது. சுத்தம் செய்து மாட்டியதோடு சரியாகிவிட்டது. அதிலிருந்து ஒரு மல்டிமீட்டர் கேபினிலேயே கிடக்கிறது.

நிஜமாகவே கெட்டது, இன்ஜின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்லும் கிராங்க் சென்சார். அது பம்பிலேயே இல்லை, ஆனாலும் எங்கள் பக்கம் எல்லாமே பம்பு சென்சார்தான். சூடானால் வண்டி நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறினால் ஸ்டார்ட் ஆகும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லை. இசிஎம்முக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசிலை எப்படித் திறக்கும்? ஆறின பிறகு சென்சாரின் ஓம்ஸ் (ரெசிஸ்டன்ஸ்) சரியாகக் காட்டியதால் ஒரு வாரம் வீணாகப் போயிற்று. சூட்டோடு அளந்த அன்றுதான் மாட்டிக்கொண்டது.

டீசல் சூட்டைப் பார்க்கும் சென்சார் இதுவரை தொல்லை தந்ததில்லை. மே மாத நாக்பூரில் டேங்கைக் கால்வாசிக்குக் கீழே விடுவதில்லை, அவ்வளவுதான். ரெயிலில் இருந்து திரும்பும் சூடான டீசல், டேங்கில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தோடு கலந்தால் டேங்கே கொதிக்கும். அந்த டீசல்தான் பம்புக்கு ஆயிலும் கூட.

பழைய வண்டி ஓட்டியவர்களுக்கு ஒன்று. எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பை ஒவ்வொன்றாக லூஸ் செய்வோமே, அதை இதில் செய்துவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போன மாதம் என் புது டிரைவர் ஸ்பேனரோடு குனிந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.