எம்ஃப் கட்டளையோடு 8 வருடம்

திருவல்லிக்கேணியில் தீசிஸ் டைப் செய்யும் கடையில் நான் சேர்ந்தது 2016-இல். கட்டளைகள் எழுதிப் பக்கத்தை அமைக்கும் லாடெக் மென்பொருளில்தான் வேலை. சாய்வெழுத்து வேண்டுமா, டெக்ஸ்டிட் கட்டளையைப் போடு, லாடெக்கில் அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிச்சாவரம் அலையாத்திக் காடு பற்றி ஒரு தாவரவியல் தீசிஸ் வந்தது. அவிசென்னியா மரினா மாதிரிப் பெயர்கள் சாய்வில் இருக்க வேண்டும், சுற்றியுள்ள வரியே சாய்வாக இருந்தால் பெயர் மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்தத் தீசிஸில் படங்களின் கீழ் வரும் குறிப்பெல்லாம் சாய்வு. நான் டெக்ஸ்டிட்டுக்குள் டெக்ஸ்டிட் போட்டேன், பெயர் கூட்டத்தில் காணாமல் போய்விட்டது, கைடு சிவப்புப் பேனாவில் வட்டம் வட்டமாகப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

சொல்லுக்கு அழுத்தம் தரும் எம்ஃப் கட்டளையைப் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. இப்போதைய எழுத்து சாய்வா நேரா என்று அது தானே பார்த்துக்கொள்கிறது: நேராக இருந்தால் சாய்க்கும், சாய்வாக இருந்தால் நிமிர்த்தும், அதற்குள்ளும் இன்னொரு எம்ஃப் வந்தால் மறுபடி சாய்க்கும். கணிதத் தீசிஸ்களில் இதன் அருமை தெரியும், ஏனென்றால் ஏ.எம்.எஸ். (அமெரிக்கக் கணிதச் சங்கம்) பாணியில் தேற்றத்தின் உடல் முழுக்க சாய்வு, அதில் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேறு எதுவும் செய்ய வேண்டாம். நூற்பட்டியலிலும் அப்படித்தான், ஒரே பெயர் நூல் தலைப்பில் நிமிர்ந்தும் கட்டுரைத் தலைப்பில் சாய்ந்தும் வரும், நான் கைவைப்பதில்லை.

பழைய ஃபைல்களில் எம் என்ற பழைய கட்டளை அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதுவும் மாறி மாறிச் சாய்க்கும், ஆனால் சாய்ந்த கடைசி எழுத்து அடுத்த நேர் எழுத்தின் மேல் இடிக்காமல் இருக்க நாமே இடைவெளித் திருத்தம் சேர்க்க வேண்டும். 1994-இல் லாடெக் 2இ என்ற பதிப்போடு வந்த எம்ஃப் அதைத் தானே செய்கிறது, பின்னால் கமாவோ புள்ளியோ வந்தால் விட்டுவிடவும் தெரியும். பழைய ஃபைல் கைக்கு வந்தால் முதல் வேலையாக அதை மாற்றிவிடுகிறேன்.

தமிழ்தான் தலைவலி. யூனிகோட் எழுத்துருக்களை ஏற்கும் லாடெக் வகையான ஸீலாடெக்கில் நான் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவுக்குச் சாய்வு வடிவமே கிடையாது, எம்ஃப் போட்டால் லாக் ஃபைலில் ஒரு எச்சரிக்கை வரும், தாளில் ஒன்றும் மாறாது. செயற்கையாகச் சாய்த்தும் பார்த்தேன், ழகரமும் ணகரமும் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தன. தமிழில் அழுத்தம் என்றால் தடித்த எழுத்துதானே, நம் கண்ணுக்கும் அதுதான் பழக்கம். லாடெக்கின் 2020 பிப்ரவரி வெளியீட்டில் டிக்ளேர்எம்ஃப்சீக்வென்ஸ் என்ற கட்டளை வந்தது, எம்ஃப்பின் முதல் அடுக்குக்கு என்ன, உள் அடுக்குக்கு என்ன என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். தமிழ் அத்தியாயங்களுக்கு முதலில் தடிப்பு என்று எழுதிவைத்தேன், ஆங்கில அத்தியாயங்களைப் பழையபடி விட்டேன்.

டெக்ஸ்டிட்டை முழுக்கத் தூக்கிப் போடவில்லை, எந்த இடத்திலும் சாய்வாகவே இருந்தாக வேண்டிய எழுத்து எப்போதாவது வரும், அதற்கு மட்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி நேற்று அதையே எல்லாவற்றுக்கும் போட்டு வைத்திருந்தான். சரி, உட்காருப்பா, என்று பிச்சாவரம் தீசிஸை எடுத்துக் காட்டினேன்.