ஒத்தையா ரெட்டையா ஆடிய கோகு

கோகு என்ற சண்டைக்காரனை நாயகனாகக் கொண்ட ஜப்பானிய அனிமே டிராகன் பால். அதன் பெயரில் வந்த சொதப்பல் வீடியோ கேம்களை எண்ண உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். நான் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சாகாஸ் (2005), அல்டிமேட் டென்கைச்சி (2011), எக்ஸ்பாக்ஸின் உடலசைவு கேமராவான கினெக்டுக்கு வந்த டிராகன் பால் இசட் (2012), பேட்டில் ஆஃப் இசட் (2014). நான்கில் எது அதிகம் ஏமாற்றியது?

பார்க்க அழகானது எதுவோ, அதுதான். அல்டிமேட் டென்கைச்சியின் எந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தாலும் அனிமேவிலிருந்து வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். மலை பிளக்கும், தரை குழியும். ராட்சதக் குரங்காக மாறிய எதிரி வெஜிட்டா திரையை அடைத்துக்கொண்டு நிற்பான். சரி, சண்டைக்கு வருவோம். நெருங்கிப் போய் நாலு அடி வைத்ததும் வேகம் குறைந்து, இரண்டு பட்டன்களில் ஒன்றை அமுக்கச் சொல்லும். எதிராளியும் ஒன்றை அமுக்குவார். இருவரும் ஒரே பட்டனை அமுக்கினால் அடி தடுக்கப்பட்டது. வேறு வேறு என்றால் விழுந்தது. அப்புறம் கோகு பத்து விநாடிக்கு அவன் பாட்டுக்கு வெளுத்துக் கட்டுவான், நாம் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒத்தையா ரெட்டையா கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழகப் பழகக் கை தேறும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லை.

இன்னொரு எரிச்சல், பெயர். ஜப்பானில் இதற்கு அல்டிமேட் பிளாஸ்ட் என்றுதான் பெயர். வெளிநாட்டில் டென்கைச்சி என்று ஒட்டியதும், 2007-இன் புடோகாய் டென்கைச்சி 3-க்கு வாரிசு வந்துவிட்டது என்று ரசிகர்கள் நினைத்தார்கள். ஒரே ஆள் எடுக்கும் வெவ்வேறு வடிவங்களையும் சேர்த்து 160 கேரக்டர்களுக்கு மேல் கொடுத்த கேம் அது. இரண்டையும் செய்தது ஒரே ஸ்பைக் நிறுவனம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கினெக்ட் கேமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அல்டிமேட் டென்கைச்சியின் உருவங்களை எடுத்து, பட்டனுக்குப் பதில் நம் கைகால்களைக் கேட்டது. இரு கைகளையும் நீட்டிக் கதிர் பாய்ச்சும் கோகுவின் கமேஹமேஹா அடிதான் உதாரணம்: முதல் தடவை சிரிப்பு வரும், பத்தாவதுக்குத் தோள் வலிக்கும்.

பேட்டில் ஆஃப் இசட் வேறு ரகம். நால்வருக்கு எதிராக நால்வர் மோதும் யோசனை உண்மையிலேயே நல்லது. ஒருவர் அடித்துத் தூக்க, இன்னொருவர் வானத்தில் வாங்கி அடிக்கலாம். ஆனால் ஒரே சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆட வழியில்லை, ஆன்லைனில்தான் சேர முடியும். குழுவாக ஆடும் கேமுக்கு இப்படி ஒரு முடிவை யார் எடுத்தார்களோ! (2024-இல் வந்த டிராகன் பால் கேமான ஸ்பார்க்கிங் ஜீரோவும் 182 கேரக்டர்களைக் கொடுத்துவிட்டு, ஒரே திரையில் இருவர் ஆடுவதை வெளியான நேரத்தில் ஒரே ஒரு களத்தோடு நிறுத்தியது. சில வியாதி பரம்பரை.)

சாகாஸ்? நான்கிலும் அவலட்சணமானது. அமெரிக்காவின் அவலாஞ்ச் சாஃப்ட்வேர் செய்தது. வானத்தில் மோதவேண்டிய கோகு, பெரும்பாலும் தெருச்சண்டைக்காரனைப் போல வரிசையாக வரும் உதிரி எதிரிகளைத் தரையில் நின்று குத்திக்கொண்டிருப்பான்.

இருந்தாலும் நான்கில் ஒன்றை இன்று எடுத்து ஆடச் சொன்னால் என் கை சாகாஸுக்குத்தான் போகும். குத்தினால் குத்து விழுகிறது. இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகித் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.